பனி குடிக்கும் தொழுவம்

ரெங்கம்மா கொண்டுவந்து கல்தொட்டியின் மேல் போட்ட வேட்டி மொடமொடவென்று காய்ந்திருந்தது.

"தொட்டுப் பாருங்க டீச்சர். ராத்திரி முழுக்கக் கடலச்செடி மேல கெடந்த துணி இது."

எஸ்தர் தொட்டுப் பார்த்தார். மார்கழிக் காலை. இந்நேரத்துக்கு அந்த வேட்டியைப் பிழிந்தால் கிண்ணம் நிறையப் புளிப்பு நீர் வந்திருக்க வேண்டும். கொண்டைக்கடலைச் செடியின் இலைகளில் ஒரு புளிப்பு ஊறும். பனி இறங்கி அதைக் கரைக்கும். செடிமேல் விரித்த துணி இரவெல்லாம் அதைக் குடித்துக்கொண்டு கனத்துக் கிடக்கும். விடிந்ததும் பிழிந்து பாட்டிலில் அடைத்துவைத்தால் வயிற்று வலிக்கு மருந்து. விளாத்திகுளத்து நாட்டு மருந்துக் கடைக்காரர் வருடம் தவறாமல் ரெங்கம்மாவிடம் வாங்கிப் போவார்.

"பனி கம்மியா இருந்திருக்கும் ரெங்கம்மா."

"பனி கம்மியா? பஸ்ஸுக்காரன் வெளக்கப் போட்டுக்கிட்டு வாறான். எங்க கொழுந்தன் காட்டுல விரிச்ச துணி சொட்டச் சொட்டக் கெடக்கு. எங்க காட்டுல மட்டும் பனி கோவிச்சுக்கிட்டுப் போயிருச்சாக்கும்?"

சொல்லிவிட்டு ரெங்கம்மா அண்ணாந்து கூரையைப் பார்த்தார். சுவரும் கூரையும் சேரும் இடத்தில் வரிசையாகக் கறுப்புத் திறப்புகள். ஊரில் அவற்றை மூக்கு என்பார்கள்.

"எனக்கென்னமோ உங்க வீட்டு மூக்கு மேலதான் சந்தேகம்."

மூன்று வருடங்களுக்கு முன்பு வரை அந்த வீடு ரெங்கம்மாவின் கணவர் கொப்பையாவுடைய மாட்டுத் தொழுவம். கொப்பையாவின் அப்பா கட்டியது. பனை உத்தரம், முழங்கை அகலத்துக்கு மண்சுவர், நடுவில் தண்ணீர் காட்டும் கல்தொட்டி. டிராக்டர் வந்து மாடுகள் போன பிறகு சோளத்தட்டையும் உடைந்த வண்டிச் சக்கரமும் கிடந்தன. ஜெயசீலன் அதை வந்து பார்த்தபோது உள்ளே ஒரு கீரி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது.

ஜெயசீலன் நீர்ப்பாசன அலுவலகத்தில் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி எஸ்தர் விளாத்திகுளம் பள்ளியில் வேதியியல் நடத்தியவர். கொப்பையாவின் இரண்டு மகன்களும் அவரிடம் படித்துத் தேறி வெளியூர் போனவர்கள். எஸ்தருக்கு ஐம்பது வயது ஆகுமுன்பே இரண்டு சிறுநீரகங்களும் நின்றுவிட்டன. ஊரில் ரத்தத்தைச் சுத்திகரிக்கும் நிலையம் இருந்தது. இயந்திரம் இருந்தது, படுக்கை இருந்தது. தண்ணீர்தான் இல்லை. ஒருவருக்கு ஒரு முறை சுத்திகரிக்கச் சுமார் நூற்றைம்பது லிட்டர் நல்ல தண்ணீர் வேண்டும். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை. நிலத்தடியில் ஏறிய உப்பு வடிகட்டிகளைத் தின்றது. ஆற்றுத் தண்ணீர் குடிப்பதற்கே முறை வைத்து வந்தது. "இன்னைக்கு மெஷின் ஓடாது, நாளைக்கு வாங்க" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களில் சிலர் நாளைக்கு வரவில்லை.

அப்போதுதான் ஈரக்கூரை அறிமுகமானது. கூரைத் தகடுகளுக்கு அடியில் பஞ்சு மாதிரி ஒரு பொருள். இரவில் மூக்குகள் திறந்து தரையோரக் காற்றை மெதுவாக இழுக்கும். பஞ்சு அந்த ஈரத்தைப் பிடித்துவைக்கும். பகலில் மூக்குகள் மூடிக்கொள்ளும். வெயில் பஞ்சைச் சுடவைக்க, ஈரம் தண்ணீராக இறங்கித் தொட்டியில் சேரும். உப்பில்லாத, கிருமியில்லாத தண்ணீர். இயந்திரத்தை வீட்டிலேயே வைத்து ஓட்டலாம். எஸ்தருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் அந்தக் கூரைக்குச் சுற்றிலும் கட்டடம் இல்லாத வெட்டவெளி தேவை. தொழுவத்தையும் அது நின்ற நிலத்தையும் கொப்பையா கொடுத்தார். "டீச்சருக்குன்னா குடுக்கேன். வேற எவனுக்கும் குடுக்க மாட்டேன்."

மாற்றிக் கட்டுவது புதிதாகக் கட்டுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. ஐம்பது வருடத்து மாட்டுமூத்திரம் ஊறிய தரை. பூசிய சுண்ணாம்பையெல்லாம் உப்புப் பூத்து உதிர்த்தது. கடைசியில் தரையை இடுப்பளவு தோண்டி எடுத்தார்கள். அந்த மண்ணைக் கொப்பையா வண்டி வண்டியாகத் தன் காட்டில் கொட்டினார். அந்த வருடம் அவர் காட்டில் கொத்தமல்லி இடுப்புக்கு வந்தது. பழைய உத்தரம் அப்படியே நின்றது. சுவரின் மேற்பாதிக்குக் கரிசலும் சுண்ணாம்பும் கலந்து இடித்த கட்டிகள். குளித்த தண்ணீர் வாழைக்குப் போனது. சித்திரை வெயிலிலும் உள்ளே மின்விசிறி தேவைப்படவில்லை. நிலத்தடியிலிருந்து ஒரு சொட்டும் எடுக்காத வீடு என்று சான்றிதழ் வந்தது. பத்திரிகைக்காரர்கள் வந்து படம் பிடித்தார்கள்.

எஸ்தர் அவர்களிடம் சொன்னார்: "சிமெண்டு இல்ல, ஏசி இல்ல, போர் இல்ல. எனக்குக் கிட்னியும் இல்ல. முழுக்க முழுக்க இயற்கை."

அதை மட்டும் அவர்கள் போடவில்லை.

வேட்டி காய்ந்து வந்த மறுநாள் விடியலில் கொப்பையா வந்து ஜெயசீலனை அழைத்தார்.

"சார், செருப்பக் கழத்திட்டு வாங்க. ஒண்ணு காட்டுதேன்."

வீட்டுக்குத் தென்மேற்கே கொப்பையாவின் காடு. ஐப்பசி மழைக்குப் பிறகு அங்கே விதைப்பது கடலையும் கொத்தமல்லியும்தான். மழை நின்ற பிறகு அவற்றுக்கு யாரும் தண்ணீர் பாய்ச்சுவதில்லை. பாய்ச்சத் தண்ணீரும் கிடையாது. கரிசலின் அடி ஈரத்திலும் மார்கழி, தைப் பனியிலும் அவை விளைந்துவிடும்.

இருவரும் காட்டின் ஓரத்திலிருந்து வெறுங்காலோடு நடந்தார்கள். முதலில் கணுக்கால் வரை நனைந்தது. பாதத்தில் சேறு அப்பியது. கொஞ்ச தூரம் போனதும், வாசற்படி தாண்டியதுபோல, சட்டென்று காலடி உலர்ந்துவிட்டது. செடிகள் ஒரு கை உயரத்தில் நின்றுபோய், இலைகள் ஓரம் சுருண்டிருந்தன. ஜெயசீலன் இரண்டடி பின்னால் எடுத்துவைத்தார். ஈரம். முன்னால் வைத்தார். உலர்வு. குனிந்து இலைகளைத் தடவிப் பார்த்தார். வாழ்நாளெல்லாம் கோடு வரைந்தவருக்கு அந்தக் கோடு புரிந்துவிட்டது. அது அவருடைய வீட்டில் தொடங்கி, தோகை மாதிரி விரிந்துகொண்டே போய், காட்டின் மறுகோடி வரை கிடந்தது.

"போன வருசமே லேசா இருந்துச்சு. மண்ணுல ஏதோ கோளாறுன்னு நெனச்சேன்," என்றார் கொப்பையா. "இந்த வருசம் நல்லாத் தெரியுது."

ஜெயசீலன் திரும்பித் தன் கூரையைப் பார்த்தார். போன வருடம்தான் அவர் கூரைத் தகடுகளை இரண்டு மடங்காக்கியிருந்தார். எஸ்தருக்கு வாரம் இரண்டு முறை போதாது, மூன்று முறை வேண்டும் என்று மருத்துவர் சொன்னதால்.

கூரை நிறுவனத்திலிருந்து பானு வந்தார். மதுரைப் பெண், முப்பது வயதுக்குள் இருக்கும். கையடக்கமான கருவி ஒன்றைக் காட்டுக்குள் அங்கங்கே நட்டுவைத்து இரண்டு நாள் பார்த்தார். பிறகு வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, எஸ்தர் கொடுத்த டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"சார், பனி எங்கேயோ வானத்துல இருந்து விழறதில்ல. தரைக்கு மேல ஒரு ஆள் உயரத்துக்கு இருக்கற காத்துலதான் அந்த ஈரம் இருக்கு. ராத்திரி செடி குளிரும்போது இலையில ஒட்டுது. நம்ம கூரை அதே காத்தை முதல்ல இழுத்துக்குது. இப்ப வாடைக்காத்து வடகிழக்குல இருந்து வருது. வீட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போறது..."

"பிழிஞ்ச சக்க," என்றார் கதவருகே நின்ற கொப்பையா.

"அப்படித்தான் அண்ணாச்சி."

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியாதா பானும்மா?" என்று எஸ்தர் கேட்டார்.

"பக்கத்துக் கிணறு குறையுமா, ஓடை வத்துமான்னு எல்லாம் பார்த்தோம் மேடம். ரெண்டுக்கும் ஒண்ணும் ஆகாது. பனியை நம்பி ஒரு பயிர் இருக்கும்னு எங்க ஆளுங்க யாருக்கும் தோணல."

"மூக்க வேற பக்கம் திருப்பி வைக்க ஏலாதா?" என்றார் கொப்பையா.

"எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்தப் பக்கம் யாராவது இருப்பாங்கல்ல?"

உள்ளறையில் எஸ்தரின் இயந்திரம் அடுத்த நாளுக்காகத் தன்னைக் கழுவிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. கொப்பையா அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். முன்பு அவருடைய செவலைக் காளை கட்டிக்கிடந்த மூலை அது.

"ஒரு நாள் விட்டு ஒரு நாள் மூடுவோம்," என்றார் எஸ்தர். "ஒரு ராத்திரி எனக்கு, ஒரு ராத்திரி கடலைக்கு."

"எஸ்தர்..."

"சும்மாருங்க. கிளாசுல ரெண்டு பேருக்கு ஒரு புஸ்தகம் வச்சுப் படிக்க வைக்கலியா நான்?"

அப்படியே செய்தார்கள். மூடிய இரவுகளின் விடியலில் ரெங்கம்மாவின் வேட்டி நனைந்தது. சுருண்ட செடிகளில் சில தலை தூக்கின. ஒருநாள் அவர் பிழிந்த புளிப்பு நீரைச் சின்னக் குப்பியில் கொண்டுவந்து கொடுத்தார். எஸ்தரால் அதைக் குடிக்க முடியாது. குடிக்கக் கூடியதெல்லாம் அளவோடுதான். மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "அமிலம் நல்லா இருக்கு, நூத்துக்கு நூறு" என்றார்.

மூன்றாவது வாரம் அவருடைய கால்கள் வீங்கின. இயந்திரத்தை வாரம் இரண்டு முறைதான் ஓட்ட முடிந்தது. நாலாவது வாரம் படுத்தால் மூச்சு முட்டியது. உட்கார்ந்தே தூங்கினார். ஜெயசீலன் அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு கோவில்பட்டிக்கு ஓடினார். நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்றார்கள். இன்னும் ஒரு நாள் கழித்து வந்திருந்தால் என்று ஆரம்பித்த மருத்துவர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பிய அன்று ஜெயசீலன் எல்லா மூக்குகளையும் திறந்துவிட்டார். எஸ்தரிடம் கேட்கவில்லை. கொப்பையாவிடமும் சொல்லவில்லை.

கொப்பையாவுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மறுநாள் காலையில் அவர் கால் அவருக்குச் சொல்லிவிட்டது. வீட்டு வாசல் வரை வந்தவர் உள்ளே வராமல் வாழை அருகே நின்றார். ஜெயசீலன் வெளியே வந்தார்.

"டீச்சர் எப்படி இருக்காக?"

"பரவாயில்ல அண்ணே. வீக்கம் வடிஞ்சிருக்கு."

"நல்லதாப் போச்சு."

"அண்ணே, நான் எங்கேயாவது எழுதிப்போட்டு உங்களுக்கு ஏதாவது..."

"யாருக்கு எழுதுவீக? தாலுகாவுல போயிக் கேட்டுட்டுத்தான் வாறேன். அந்தப் பையன் நல்ல மாதிரிதான், உக்கார வச்சுப் பேசுனான். கெணத்துத் தண்ணிய எடுத்தா கேஸ் போடலாமாம். ஓடைய மறிச்சா போடலாமாம். காத்துல போறத எடுத்தா எந்தச் சட்டத்துல போடன்னு என்னையவே கேக்கான்." கொப்பையா வேட்டியை மடித்துக் கட்டினார். "சட்டம் இருந்தாலும் நான் போடப் போறதில்ல சார். அந்தம்மா உசுரா, என் கடலையான்னு ஒருத்தன் கேட்டா நான் என்னன்னு சொல்லுவேன்? கேக்காம இருந்தாச் சரி."

அந்தத் தையில் கொப்பையாவின் காட்டில் கடலை காய்க்கவில்லை. மல்லி பூத்தது, பூ கருகி உதிர்ந்தது. ரெங்கம்மா ஆட்டைப் பிடித்துக் காட்டுக்குள் விட்டார். அது முழுநாளும் தொழுவ வீட்டின் முன்னாலேயே மேய்ந்தது. எஸ்தர் அந்தப் பக்கத்துச் சன்னலைத் திறப்பதை நிறுத்திவிட்டார்.

பங்குனியில் கொப்பையா காட்டை விற்றார். சேதியைச் சொல்ல அவரே வந்தார். இந்த முறை உள்ளே வந்து உட்கார்ந்தார். மகன்கள் இருவரும் ஊருக்கு வருவதாக இல்லை. பனி விழாத காடு என்று ஊருக்கெல்லாம் தெரிந்துபோனதால் குத்தகைக்கும் ஆள் இல்லை. விலைக்குக் கேட்டது ஒரே ஒருவர்தான்.

"யாரு?"

"நம்ம பானும்மா கம்பெனிதான். உங்க வீட்டப் பேப்பர்ல பாத்துட்டு எங்கெங்க இருந்தோ ஆளுக கேக்காகளாம். நாப்பது வீடு கட்டப் போறாக. இதே மண்ணு, இதே கூர. வெலையில ஒரு பங்குக்கு எங்களுக்கும் ஒரு வீடு."

"விளையாத காட்டுல வீடாவது வெளையட்டும்," என்றார் எஸ்தர். சிரிப்பதற்காகச் சொன்னார். கொப்பையாவும் சிரித்தார். ஜெயசீலன் மட்டும் சிரிக்கவில்லை என்றாலும், அப்போது அவருக்கும் எதுவும் தோன்றவில்லை. தன்னால் ஒருவர் நிலத்தை இழந்தார் என்பதே அவர் மனதை அடைத்துக்கொண்டிருந்தது.

வீடுகள் சீக்கிரம் எழுந்தன. வைகாசி முடிவதற்குள் பாதிக்கு மேல் குடியேறிவிட்டார்கள். தூத்துக்குடியில் கடல் உள்ளே வந்து வீடு போனவர்கள், திருப்பூர் சாயக் கழிவில் கிணறு கெட்டவர்கள், ஆஸ்துமாக் குழந்தையோடு ஒரு தம்பதி, ஓய்வுபெற்ற ஒரு ரயில்வே கார்டு. மாலையில் நடக்க வருகிறவர்கள் தொழுவ வீட்டின் முன் நின்று, "இதுதான் முதல் வீடு" என்று பிள்ளைகளுக்குக் காட்டினார்கள். ஒரு பெண் எஸ்தரின் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள்.

ஆனியில் மேல்காற்று தொடங்கியது. வாடைக்கு நேரெதிரான காற்று அது; மேற்கிலும் தென்மேற்கிலுமிருந்து ஆவணி வரை விடாமல் அடிக்கும். காய்ந்த காற்றுதான். ஆனாலும் இரவில் கொஞ்சம் ஈரம் வைத்திருக்கும். போன வருடங்களில் அதுவே எஸ்தருக்குப் போதுமானதாக இருந்தது.

இந்த வருடம் தொட்டியில் நீர் ஏறவில்லை. ஜெயசீலன் தகடுகளைத் துடைத்தார். மூக்குகளில் தூசி தட்டினார். குழாயைக் கழற்றி ஊதிப் பார்த்தார். நாலாம் நாள் ஏணியில் நின்றிருந்தவரைக் கீழேயிருந்து எஸ்தர் கூப்பிட்டார்.

"எறங்குங்க. கூரையில ஒண்ணும் இல்ல. காத்து எந்தப் பக்கம் இருந்து வருதுன்னு பாருங்க."

ஜெயசீலன் ஏணியிலிருந்தபடியே திரும்பினார். காற்று முகத்தில் அடித்தது. எதிரே வரிசை வரிசையாகப் புதுக் கூரைகள், வெயிலில் கறுப்பாக மின்னிக்கொண்டு.

பானு தொலைபேசியில் எதையும் மறுக்கவில்லை. "அங்கேயே காத்து கடைசியா போற வீடுகளுக்குச் சரியா வரல சார். காத்து முதல்ல படற வரிசைக்கும் மத்த வரிசைக்கும் தினம் சண்டை. நான் மேல எழுதியிருக்கேன்."

"என்னன்னு எழுதினீங்க?"

"இனிமே கொஞ்சம் தள்ளித் தள்ளிக் கட்டணும்னு."

கேன் தண்ணீர் ரேஷன் அட்டைக்கு இரண்டுதான், அது குடிப்பதற்கு. லாரித் தண்ணீர் உப்பு. பழைய ரத்தச் சுத்திகரிப்பு நிலையத்தில் காத்திருப்போர் வரிசை ஐப்பசி வரை போனது. இயந்திரம் வாரத்துக்கு இரண்டு முறையானது. பிறகு ஒரு முறை. எஸ்தரின் கண்ணுக்குக் கீழே பழைய வீக்கம் திரும்பி வந்தது.

ஒரு காலையில் ஜெயசீலன் சட்டையை மாற்றிக்கொண்டு அந்தக் குடியிருப்புக்குப் போனார். வாரத்தில் மூன்று இரவுகள் மட்டும் மூடிவைக்கச் சொல்லிக் கேட்பது என்று எண்ணம். முதல் வரிசையின் முதல் வீட்டில் ஆஸ்துமாக் குழந்தை வாசலில் பக்கெட் தண்ணீரில் கையை விட்டு அளைந்துகொண்டிருந்தது. அதன் அம்மா ஓடிவந்து, "தண்ணிய வீணாக்காத, எத்தன தடவ சொல்றது" என்று பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போனாள். ஜெயசீலன் அந்த வீட்டைத் தாண்டினார். அடுத்ததையும் தாண்டினார். ஒவ்வொரு வாசலிலும் கால் நின்றது. கை கதவுக்குப் போகவில்லை. அப்படியே கடைசி வரிசைக்கு வந்துவிட்டார். அங்கே ரெங்கம்மா கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க சார். அவுக ரேசன் கடைக்குப் போயிருக்காக. உக்காருங்க."

உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்தார். முழுச் சொம்பு. ஜெயசீலன் அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார்.

"டீச்சர் எப்படி இருக்காக?"

ஜெயசீலன் சொம்புத் தண்ணீரைப் பார்த்தார். ரெங்கம்மா அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு கிழக்கே, வீடுகளுக்கு அப்பால் தெரிந்த பழைய தொழுவத்தைப் பார்த்தார். பிறகு தன் கூரையை.

"எங்க வீட்டு மூக்க மூடிருதேன் சார். ஒரு வீட்ட மூடுனா ஆகுமா?"

"ஆகாது ரெங்கம்மா."

"ஆகாதா?"

"மத்த முப்பத்தொம்பதும் தொறந்திருக்கே."

"சரி, தண்ணியக் குடிங்க."

குடித்தார். ருசியே இல்லாத, சுத்தமான தண்ணீர்.

அன்று சாயங்காலம் எஸ்தர் வெகுநாட்களுக்குப் பிறகு அந்தச் சன்னலைத் திறக்கச் சொன்னார். இருட்டுவதற்கு முன் எல்லாக் கூரைகளிலும் மூக்குகள் திறக்கும் நேரம். வரிசை வரிசையாகத் திறந்தன. கடைசி வரிசையில் ஒன்று மட்டும் திறக்கவில்லை.

"அது யார் வீடு? ரிப்பேரா?"

ஜெயசீலன் சொன்னார். எஸ்தர் தலையணையில் சாய்ந்தபடி நெடுநேரம் அந்தக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேசும்போது ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவே மூச்சு வாங்கியது.

"இதனால நமக்கு ஒரு டம்ளர் கூட வராது. உங்களுக்கே தெரியும்லா?"

"தெரியும்."

"இந்தக் காய்ஞ்ச காத்துல அவங்களுக்கு வர்றதே கொஞ்சம். அதையும் ஏன் கெடுக்கணும்? காலையில முதல் வேலையா போயி, தொறக்கச் சொல்லிருங்க."

"சரி," என்றார் ஜெயசீலன்.

மறுநாள் காலையில் தொட்டியைப் பார்த்தார். நீர் ஏறியிருக்கவில்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு வாசல் வரை வந்தார். மேல்காற்று புழுதியை வாரிக்கொண்டு வந்தது. அவர் உள்ளே திரும்பினார்.

"சொல்லிட்டீங்களா?" என்று எஸ்தர் கேட்டார்.

"சொல்லிட்டேன்."

அதன் பிறகு ஜெயசீலன் அந்தச் சன்னலைத் திறக்கவில்லை. கடைசி வரிசையில் அந்த ஒரு கூரை மூடியபடியே இருந்தது.